நகராட்சிக் குடிநீர் வழங்கலின் செயல்திறனை எதைக் கொண்டு அளப்பது?

இளவேனில் எழுதியது:

வணக்கம். பல நகராட்சிகளின் குடிநீர் வழங்கலை ஒப்பிட்டு ஓர் அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். உற்பத்தியான நீர், கட்டணம் விதிக்கப்பட்ட நீர், இணைப்புகள், பணியாளர்கள், மின்சாரச் செலவு, மொத்த இயக்கச் செலவு, வசூலான தொகை ஆகிய விவரங்கள் ஆண்டுவாரியாகக் கையில் உள்ளன. உற்பத்தியான நீரில் கட்டணத்திற்குள் வராமல் போகும் பங்கை, அதாவது வருவாய் தராத நீரின் விழுக்காட்டை, முதன்மை அளவுகோலாக வைத்து வரிசைப்படுத்தலாம் என்று தொடங்கினேன்.

வரிசை அமைந்த பிறகு ஓரிடத்தில் தயக்கம் வந்தது. 18 விழுக்காடு இழப்புடன் முன்வரிசையில் நிற்கும் ஊர் நாளுக்கு மூன்று மணி நேரம் மட்டுமே தண்ணீர் விடுகிறது. 41 விழுக்காடு இழப்புடன் கடைசிக்கு அருகில் இருக்கும் ஊரில் இருபத்து நான்கு மணி நேரமும் குழாயில் தண்ணீர் இருக்கிறது. இரண்டிலும் இணைப்புகள் ஏறத்தாழ 25,000. முதல் ஊரையே செயல்திறன் மிக்கது என்று எழுதிவிடலாமா? இத்துறையை அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பகிர்மானப் பொறியாளர் எழுதியது:

எழுதக் கூடாது என்பதே என் பதில். குழாயில் உள்ள ஓட்டை அழுத்தம் இருக்கும் நேரத்தில்தான் ஒழுகும். மூன்று மணி நேரம் தண்ணீர் விடும் ஊரில் கசிவும் மூன்று மணி நேரத்தோடு நின்றுவிடுகிறது. மீதி இருபத்தொரு மணி நேரம் குழாய் காலியாகவோ பாதி காலியாகவோ கிடக்கிறது. அந்த ஊரின் குறைந்த விழுக்காட்டுக்குக் காரணம் பராமரிப்பாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. வால்வு மூடியிருப்பதே போதும்.

உங்கள் இரு ஊர்களையும் எளிய எண்களில் வைத்துப் பார்ப்போம். முதல் ஊர் நாளுக்கு 10,000 கன மீட்டர் விடுகிறது என்றும், இழப்பு முழுவதும் கசிவே என்றும் கொள்ளுங்கள். 1,800 கன மீட்டர் மூன்று மணி நேரத்தில் ஒழுகினால் மணிக்கு 600 கன மீட்டர், இணைப்புக்கு மணிக்கு 24 லிட்டர். இரண்டாம் ஊர் 20,000 கன மீட்டர் விடுவதாகக் கொண்டால் 41 விழுக்காடு என்பது 8,200 கன மீட்டர். அது இருபத்து நான்கு மணி நேரத்தில் பரவும்போது மணிக்கு 342 கன மீட்டர், இணைப்புக்கு மணிக்குச் சற்றேறக்குறைய 13.7 லிட்டர். இதற்கு மேல், நீர் எத்தனை மீட்டர் உயரம் ஏறும் என்று அளக்கப்படும் அழுத்தத்தையும் சேர்க்க வேண்டும். முதல் ஊரில் சராசரி அழுத்தம் 5 மீட்டர், இரண்டாம் ஊரில் 20 மீட்டர் என்றால், ஒரு மீட்டர் அழுத்தத்திற்கு முதல் ஊர் 4.8 லிட்டரும் இரண்டாம் ஊர் 0.68 லிட்டரும் இழக்கின்றன. உங்கள் பட்டியலில் முன்னால் நிற்கும் ஊரின் குழாய்கள் பின்னால் நிற்கும் ஊரின் குழாய்களைவிட ஏழு மடங்கு மோசமாக இருக்கக்கூடும்.

ஆகவே, ஒப்பீட்டைத் தொடங்குமுன் ஒவ்வோர் ஊருக்கும் விநியோக நேரம், சராசரி அழுத்தம் ஆகிய இரண்டையும் கேட்டுப் பெறுங்கள். அவை கிடைக்காத ஊரின் கசிவைப் பற்றி எந்தத் தீர்ப்பும் எழுத முடியாது.


மதிப்பீட்டாளன் எழுதியது:

பொறியாளரின் கணக்கை மறுக்கவில்லை. ஆனால், அவர் குழாயை மதிப்பிடுகிறார். இளவேனில் கேட்பது நிறுவனத்தை மதிப்பிடும் வழி. விழுக்காடு நிதி சார்ந்த அளவுகோல் என்ற வகையில் பயனுள்ளதே. செலவு செய்து சுத்திகரித்த நூறு லிட்டரில் எத்தனை லிட்டருக்குப் பணம் கேட்கப்பட்டது என்பதை அது நேரடியாகச் சொல்கிறது. நகர்மன்ற உறுப்பினருக்கும் வாசகருக்கும் அது ஒரு நொடியில் புரியும். இணைப்புக்கு, மணிக்கு, மீட்டர் அழுத்தத்திற்கு இத்தனை லிட்டர் என்று எழுதினால் யார் படிப்பார்கள்?

மேலும், கசிவு என்பது குடிநீர் வழங்கலின் ஒரு கூறு மட்டுமே. செலவு, ஆட்கள், மின்சாரம் ஆகிய உள்ளீடுகளைக் கொண்டு எவ்வளவு சேவை வெளிவந்தது என்று ஒருசேரப் பார்க்கும் முறைகள் இருக்கின்றன. அவற்றைப் பிறகு எழுதுகிறேன்.


பகிர்மானப் பொறியாளர் எழுதியது:

நொடியில் புரிவது தவறாகவும் புரியலாம். ஓர் ஊரில் மக்கள் 400 அலகு பயன்படுத்துகிறார்கள், 100 அலகு ஒழுகுகிறது. இழப்பு 20 விழுக்காடு. வறட்சி வந்து மக்கள் சிக்கனமாகி 300 அலகு பயன்படுத்துகிறார்கள். ஒழுகல் அதே 100. இழப்பு இப்போது 25 விழுக்காடு. ஒரு குழாயும் கெடவில்லை, ஒரு பணியாளரும் சோம்பவில்லை. மக்கள் நல்ல காரியம் செய்ததற்கு நிறுவனம் தண்டனை பெறுகிறது. 2018 வறட்சியின்போது கேப் டவுன் நகரின் அன்றாடப் பயன்பாடு மூன்றாண்டுகளுக்கு முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கியது. அத்தகைய ஆண்டில் விழுக்காட்டை வைத்து யாரையும் மதிப்பிட முடியாது. மறுபுறம், பெரிய தொழிற்சாலை ஒன்றுக்கு இணைப்புக் கொடுத்தாலே போதும், ஒரு கசிவையும் அடைக்காமல் விழுக்காடு இறங்கிவிடும்.

இதனால்தான் உலக நீர்ச் சங்கம் 2000-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கசிவுக்கு விழுக்காட்டை விலக்கி, இணைப்பொன்றுக்கு நாளொன்றுக்கு இத்தனை லிட்டர் என்ற அளவை முன்வைத்தது. அதையொட்டி இன்னொரு குறியீடும் புழக்கத்தில் உள்ளது. எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும் தவிர்க்க இயலாத கசிவு ஒன்று உண்டு. 1999-இல் லாம்பெர்ட் என்பவரும் உடனாய்வாளர்களும் அதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார்கள்: பிரதான, பகிர்மானக் குழாய்களின் நீளத்தைக் கிலோமீட்டரில் எடுத்து 18-ஆல் பெருக்குங்கள், இணைப்புகளின் எண்ணிக்கையை 0.8-ஆல் பெருக்குங்கள், மனை எல்லையிலிருந்து நீர்மீட்டர் வரையிலான குழாய்களின் மொத்தக் கிலோமீட்டரை 25-ஆல் பெருக்குங்கள், மூன்றையும் கூட்டி, சராசரி அழுத்தத்தால் பெருக்கினால் நாளொன்றுக்கான தவிர்க்க இயலாத கசிவு லிட்டரில் கிடைக்கும்.

500 கிலோமீட்டர் குழாய், 50,000 இணைப்பு, 30 மீட்டர் அழுத்தம், நீர்மீட்டர்கள் மனை எல்லையிலேயே உள்ளன என்றால் விடை நாளுக்கு 1,470 கன மீட்டர். உண்மையான கசிவு 11,760 கன மீட்டர் என்றால் அந்த ஊர் எட்டு மடங்கில் நிற்கிறது. இந்த மடங்கைத்தான் உள்கட்டமைப்புக் கசிவுக் குறியீடு என்கிறோம். ஊரின் பரப்பும், இணைப்பின் நெருக்கமும், அழுத்தமும் ஏற்கெனவே கணக்கில் வந்துவிடுவதால் இரண்டு ஊர்களை அருகருகே வைக்க இது ஓரளவு நியாயமான தளம். 25 மீட்டருக்கும் குறைந்த அழுத்தத்திலும் மிகச் சிறிய ஊர்களிலும் இதை எச்சரிக்கையுடன்தான் கையாள வேண்டும். சூத்திரத்தின் அடிப்படைத் தரவுகள் அத்தகைய இடங்களிலிருந்து வந்தவையல்ல.


தணிக்கைக் கண் எழுதியது:

இருவருமே எண்கள் சரியானவை என்று எடுத்துக்கொண்டு வாதிடுகிறீர்கள். நான் கணக்குத் தணிக்கை செய்பவன். எனக்கு முதல் கேள்வி வேறு. இளவேனில், அந்த 'உற்பத்தியான நீர்' எப்படி அளக்கப்பட்டது?

நான் பார்த்த கோப்புகளில் ஒரு பகுதி இப்படித்தான் இருந்தது: பம்ப் ஓடிய மணி நேரத்தை, பம்பின் பெயர்ப்பலகையில் பொறித்திருக்கும் திறனால் பெருக்கி, அதை உற்பத்தி என்று எழுதிவிடுவது. பம்ப் தேய்ந்துபோய் முக்கால்வாசி நீரைத் தள்ளினாலும் பெயர்ப்பலகை மாறுவதில்லை. அப்போது ஏட்டில் உள்ள இழப்பில் ஒரு பங்கு நிலத்தடியில் எங்கும் ஒழுகியதல்ல. அது எடுக்கப்படவே இல்லை. இன்னொரு வகை, ஊருக்குள் போகும் மொத்த நீரையும் அளக்கும் பேரளவு மீட்டர் பொருத்தியிருப்பார்கள், ஆனால் வளைவுக்கும் வால்வுக்கும் அருகில். நேரான குழாய் நீளம் போதாத இடத்தில் நீரோட்டம் சுழன்று வரும்போது பல வகை மீட்டர்கள் பொய் சொல்லும்.

இதன் விளைவு எவ்வளவு என்று பாருங்கள். ஏட்டில் உற்பத்தி 100, கட்டணத்திற்கு வந்தது 75, இழப்பு 25 விழுக்காடு. உற்பத்தி அளவில் பத்து விழுக்காடு கூடவோ குறையவோ பிழை இருந்தால், உண்மை உற்பத்தி 90-க்கும் 110-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம், இழப்பு 16.7 விழுக்காட்டிலிருந்து 31.8 விழுக்காடு வரை எதுவாகவும் இருக்கலாம். உங்கள் வரிசையில் பாதி ஊர்கள் இந்த இடைவெளிக்குள் வந்துவிடும் என்றே நினைக்கிறேன். அப்படியானால் அந்த வரிசை எதைக் காட்டுகிறது?

கட்டணப் பக்கத்திலும் இதே கதை. மீட்டர் இல்லாத இணைப்புகளுக்கு ஒரு குடும்பத்திற்கு இத்தனை லிட்டர் என்று ஊகித்து எழுதுகிறார்கள். ஊகத்தைச் சற்று உயர்த்தினால் கசிவு ஏட்டிலிருந்து மறைந்துவிடும். ஆகையால் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அது மீட்டரில் படித்ததா, கணக்கிட்டதா, ஊகித்ததா என்று ஒரு குறிப்புப் போடுங்கள். மூன்றாம் வகை எண்கள் நிறைந்த ஊரைத் தரவரிசைக்குள் கொண்டுவராமல் தனியாக வையுங்கள்.


கடைமடை எழுதியது:

நான் பொறியாளரும் அல்லன், பொருளியல் படித்தவனும் அல்லன். குழாய்ப் பாதையின் கடைசி முனையில் இருக்கும் ஒரு தெருவில் வசிப்பவன். இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் நிறுவனத்தின் வாசலில் நின்று உள்ளே பார்க்கிறீர்கள். குழாயின் மறுமுனையிலிருந்து பார்த்தால் வேறு சில கணக்குகள் தெரியும்.

தண்ணீர் மூன்று மணி நேரம்தான் வரும் என்றால் ஒவ்வொரு வீடும் கீழ்நிலைத் தொட்டி கட்டுகிறது, மோட்டார் வாங்குகிறது, மாடியில் இன்னொரு தொட்டி வைக்கிறது, சிலர் வடிகட்டியும் வாங்குகிறார்கள். தொட்டி கட்ட இடமோ பணமோ இல்லாத வீட்டில் யாரோ ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண், தண்ணீர் வரும் நேரத்திற்காக வேலையை விட்டுவிட்டுக் காத்திருக்கிறார். இந்தச் செலவு எதுவும் நகராட்சியின் இயக்கச் செலவில் ஏறாது. நகராட்சி செய்ய வேண்டிய சேமிப்பையும் நீரேற்றத்தையும் வீடுகளின் தலையில் கட்டிவிட்டு, 'ஒரு கன மீட்டருக்கு எங்கள் செலவு குறைவு' என்று சொல்வது எந்தக் கணக்கில் செயல்திறன் ஆகும்?

இரண்டாவது, சராசரி. ஊரின் சராசரி விநியோகம் மூன்று மணி நேரம் என்றால் மேல்நிலைத் தொட்டிக்கு அருகில் ஐந்து மணி நேரம் வரும். எங்கள் முனையில் அரை மணி நேரம் சொட்டும். முன்னால் இருப்பவர்கள் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து இழுத்தால் அதுவும் வராது. மூன்றாவது, குழாய் காலியாகும்போது உள்ளே வெற்றிடம் ஏற்பட்டு, அருகில் தேங்கியிருக்கும் கழிவுநீரை அதே ஓட்டைகள் வழியாக உறிஞ்சிக்கொள்ளும் என்று படித்திருக்கிறேன். முதலில் வரும் தண்ணீர் கலங்கலாக இருப்பதை நாங்கள் அன்றாடம் பார்க்கிறோம். வீட்டு வாசலில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதைச் சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலில் அளந்து பதிவேட்டில் எழுதுவதால் கடைசித் தெருவுக்கு என்ன பயன்?


மதிப்பீட்டாளன் எழுதியது:

கடைமடை எழுப்பிய கேள்வி நான் சொல்ல வந்த முறையின் பலவீனத்தைத் தொடுகிறது. ஆனாலும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1957-இல் பொருளியலாளர் ஃபாரெல் தொடங்கி வைத்த சிந்தனையை 1978-இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் ஒரு கணக்கீட்டு முறையாக்கினார்கள். தரவு உறை பகுப்பாய்வு என்று அதைச் சொல்கிறார்கள். ஒவ்வொரு நிறுவனமும் எவ்வளவு செலவு, ஆட்கள், மின்சாரம் ஆகியவற்றை உட்கொண்டு எவ்வளவு நீரையும் எத்தனை இணைப்புகளையும் தருகிறது என்று பார்த்து, அவற்றுள் சிறந்தவற்றை இணைத்து ஓர் எல்லைக்கோடு வரைகிறது. மற்ற நிறுவனங்கள் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றனவோ அதுவே அவற்றின் திறன்குறைவு. எந்த உள்ளீட்டுக்கு எவ்வளவு எடை என்பதை நாம் முன்கூட்டியே திணிக்க வேண்டியதில்லை என்பது இதன் சிறப்பு. எட்டாத இலட்சியத்தோடு அல்லாமல், நடைமுறையில் யாரோ எட்டிய நிலையோடு ஒப்பிடுகிறோம் என்பதும் ஒரு நேர்மை.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. ஊர்கள் குறைவாகவும் அளவைகள் அதிகமாகவும் இருந்தால் ஏறக்குறைய எல்லா ஊரும் முழுத்திறன் பெற்றுவிடும். உள்ளீடுகளும் வெளியீடுகளும் சேர்ந்து ஏழு என்றால் இருபத்தொரு ஊராவது வேண்டும் என்பது வழக்கமான கைக்கணக்கு. மற்றது, சேவைத் தரத்தை வெளியீடாகச் சேர்க்காவிட்டால் சேவை தராமல் மிச்சம் பிடித்தவரே எல்லைக்கோட்டில் போய் அமர்வார். ஆகவே, விநியோக நேரத்தால் பெருக்கிய இணைப்பு எண்ணிக்கையை ஒரு வெளியீடாக வைக்கலாம். 25,000 இணைப்புக்கு மூன்று மணி நேரம் தருபவரும் இருபத்து நான்கு மணி நேரம் தருபவரும் அப்போது ஒரே தட்டில் நிற்க மாட்டார்கள். ஆனால், வீடுகள் சுமக்கும் செலவைச் சேர்க்கத் தரவு தேவை. அது எந்த நகராட்சியிடமும் எளிதில் கிடைக்காது. வீடுகளில்தான் கேட்க வேண்டும்.

ஆயிரம் இணைப்புக்கு எத்தனை பணியாளர் என்ற எண்ணை மட்டும் தனியே வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். வேலையை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தாலே அந்த எண் இறங்கிவிடும். செலவு வேறு தலைப்பில் ஏறியிருக்கும்.


நீரேற்றுநிலையம் எழுதியது:

மின்சாரத்தைப் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை. மின்கட்டணத்தைத் தொகையாக ஒப்பிடாதீர்கள்; ஆற்றங்கரையில் இருக்கும் ஊரையும் மேட்டில் இருக்கும் ஊரையும் ஒரே தராசில் வைத்ததாகிவிடும். ஒரு கன மீட்டர் நீரை ஒரு மீட்டர் உயர்த்த இயற்பியல் கேட்பது 0.002725 யூனிட். இதற்குக் கீழே எவராலும் போக முடியாது. 60 மீட்டர் உயர்த்த 0.1635 யூனிட். உங்கள் நிலையம் அதற்கு 0.35 யூனிட் எடுத்தால் மொத்தத் திறன் 47 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. பாதிக்கு மேல் வெப்பமாகவும் சத்தமாகவும் உராய்வாகவும் போகிறது. இங்கே உயரம் என்று நான் சொல்வது பம்ப் உண்மையில் எதிர்த்துத் தள்ளும் மொத்த அழுத்தம். நில மட்டத்தின் வேறுபாடு மட்டும் போதாது.

திறன் குறையப் பெரும்பாலும் காரணம் பம்ப் பழையதாக இருப்பது மட்டுமல்ல. பிற்காலத் தேவையை எண்ணித் தேவைக்கு மிஞ்சிய பெரிய பம்பை வாங்கிவிட்டு, பிறகு வால்வைப் பாதி மூடி ஓட்டுவார்கள். வாங்கிய மின்சாரம் வால்விலேயே கரையும். மின்மீட்டரையும் நீர்மீட்டரையும் அழுத்தமானியையும் ஒரே நேரத்தில் படித்தால் ஒரு நாளிலேயே இது தெரிந்துவிடும்.


பகிர்மானப் பொறியாளர் எழுதியது:

தணிக்கை நண்பர் சொன்னது உண்மை. ஆண்டுக் கணக்கு எவ்வளவு திருத்தமாக இருந்தாலும் கழித்தலில் வரும் மிச்சத்தைத்தான் இழப்பு என்கிறோம். எல்லோருடைய பிழையும் அந்த மிச்சத்தில் வந்து சேரும். அதைச் சரிபார்க்க இரவு நீரோட்டம் என்ற தனி வழி உண்டு.

ஊரைச் சில நூறு முதல் மூவாயிரம் வரை இணைப்புகள் கொண்ட அளவீட்டு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நுழைவாயிலிலும் ஒரு மீட்டர் வைப்பார்கள். இங்கிலாந்தில் 1980-இல் வெளியான ஒரு கசிவுக் கட்டுப்பாட்டு அறிக்கைக்குப் பிறகு பரவிய முறை இது. நள்ளிரவு இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை ஊர் உறங்குகிறது. அந்த நேரத்திலும் மண்டலத்திற்குள் நுழையும் நீரில் பெரும்பங்கு கசிவே. 2,000 இணைப்புள்ள மண்டலத்தில் மணிக்கு 30 கன மீட்டர் நுழைகிறது, வீடுகளின் நியாயமான இரவுப் பயன்பாடு இணைப்புக்கு மணிக்கு 2 லிட்டர் என்றால், 4 கன மீட்டர் போக 26 கன மீட்டர் எங்கோ ஒழுகுகிறது. இந்த எண் எந்த ஏட்டையும் நம்பியிருக்கவில்லை.

கசிவில் நாட்களின் எண்ணிக்கை முக்கியம். சாலையைப் பிளந்து பீய்ச்சும் பெரிய உடைப்பு எல்லோர் கண்ணிலும் படும். மணிக்கு 12 கன மீட்டர் போனாலும் ஒரே நாளில் அடைத்துவிட்டால் இழப்பு 288 கன மீட்டர். வீட்டு இணைப்பில் மணிக்கு 1.6 கன மீட்டர் சத்தமின்றி மண்ணுக்குள் ஒழுகி, அறுபது நாள் கழித்துக் கண்டுபிடிக்கப்பட்டால் இழப்பு 2,304 கன மீட்டர். ஆகவே நகராட்சியிடம் 'எத்தனை உடைப்பு அடைத்தீர்கள்' என்று மட்டும் கேட்காமல், தெரிய வந்தது என்று, இடம் கண்டது என்று, அடைத்தது என்று மூன்று தேதிகளையும் கேளுங்கள். இந்த மூன்று தேதிகளைத் தரக்கூடிய நகராட்சி எது என்பதே பாதி மதிப்பீடு.

அழுத்தத்தைப் பற்றியும் ஒரு சொல். இறுகிய குழாயில் உள்ள நிலையான ஓட்டையில் கசிவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் போல மாறும். பிளாஸ்டிக் குழாயின் நீள்வெடிப்பில் அழுத்தம் கூடக்கூட வெடிப்பே விரிவதால் கசிவு அதைவிட வேகமாக ஏறும். பல்வகைக் குழாய் கொண்ட பெரிய வலையமைப்பில் ஏறக்குறைய நேர்விகிதம் என்று கொள்ளலாம். 40 மீட்டரை 30 ஆக்கினால் கசிவு கால் பங்கு குறையும். கேப் டவுனின் கயலிட்ஷா பகுதியில் 2001-இல் இதைச் செய்தார்கள். அங்கே வீதிக் குழாய்களைவிட வீடுகளுக்குள் இருந்த குழாய் இணைப்புகளும் கழிப்பறைத் தொட்டிகளும்தான் அதிகம் ஒழுகின. ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் கன மீட்டர் மிச்சமானது.


இளவேனில் எழுதியது:

மிக்க நன்றி. என் பட்டியலில் சில ஊர்களில் விநியோகம் தனியாரிடம் உள்ளது. உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை ஒரு காரணியாகச் சேர்க்க வேண்டுமா?


மதிப்பீட்டாளன் எழுதியது:

சேர்க்கலாம், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். கம்போடியாவின் புனோம் பென் நகரில் 1993-இல் வருவாய் தராத நீர் 72 விழுக்காடு. எக் சொன் சான் அந்நகரின் குடிநீர் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பேற்ற பிறகு, அரசுக்குச் சொந்தமான அதே நிறுவனம் எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்தது, கள்ள இணைப்புகளைச் செல்வாக்குப் பாராமல் துண்டித்தது, கட்டணத்தைத் திருத்தியது, வெளிநாட்டு உதவியுடன் குழாய்களை மாற்றியது. பின்னர் இழப்பு 6 விழுக்காட்டை ஒட்டி வந்தது. நாள் முழுதும் தண்ணீர் வந்தது. 2006-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

மணிலாவில் 1997-இல் நகரைக் கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரித்து இரு தனியார் நிறுவனங்களிடம் கொடுத்தார்கள். கிழக்கில் இழப்பு 63 விழுக்காட்டிலிருந்து 2011 அளவில் 11 விழுக்காடாக இறங்கியது. மேற்குப் பகுதியை ஏற்ற நிறுவனம் சில ஆண்டுகளிலேயே நிதி நெருக்கடியில் சிக்கியது. ஒரே நகரம், ஒரே ஆண்டு, இரண்டுமே தனியார்.

மறந்துவிடக் கூடாத இன்னொன்று: இழப்பைப் பூச்சியமாக்குவது செயல்திறன் ஆகாது. மீட்டர் குறைவாகக் காட்டுவதாலும் களவாலும் போகும் நீரின் மதிப்பு விற்பனைக் கட்டணம். மண்ணில் ஒழுகும் நீரின் மதிப்பு அதை உற்பத்தி செய்ய ஆகும் கூடுதல் செலவு மட்டும். தண்ணீர் மிகுந்த ஊரில் கடைசிச் சில கசிவுகளைத் தேடிப் பிடிக்க ஆகும் செலவு, மிச்சமாகும் நீரின் மதிப்பைத் தாண்டிவிடும். தண்ணீர் பற்றாத ஊரில், அடைத்த ஒவ்வொரு லிட்டரும் காத்திருக்கும் ஒருவருக்குப் போகும். அங்கே அதன் மதிப்பு வேறு.


தணிக்கைக் கண் எழுதியது:

மிச்சமாகும் நீரின் மதிப்பைத் தாண்டிச் செலவு செய்து கசிவை அடைக்க வேண்டாம் என்ற அந்தப் பொருளாதார வாதத்தைக் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் அச்சம். செய்யாமல் விட்ட வேலைக்கு அது வசதியான சாக்கு. இங்கிலாந்தில் 1989-இல் குடிநீர் நிறுவனங்கள் தனியாராக்கப்பட்டு, கட்டுப்பாட்டு அமைப்பு அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கட்டணம் நிர்ணயித்தது; அப்படியிருந்தும் 1995 வறட்சியில் கசிவு பெரும் சர்ச்சையாகி, அதன் பிறகுதான் கட்டாயக் கசிவு இலக்குகள் வந்தன.

செலவை மட்டும் பார்க்கும் எந்த முறையும் பராமரிப்பை ஒத்திப்போட்டவரைப் பாராட்டும். குழாயை மாற்றாத ஆண்டில் செலவு குறையும், எல்லைக்கோட்டில் இடம் கிடைக்கும்; விலை பதினைந்து ஆண்டு கழித்து வரும், அப்போது அந்த ஆணையரும் பொறியாளரும் வேறு ஊரில் இருப்பார்கள். ஆகையால் ஆண்டுக்கு மொத்தக் குழாயில் எத்தனை விழுக்காடு மாற்றப்படுகிறது என்று கேளுங்கள். அரை விழுக்காடு என்றால் ஒவ்வொரு குழாயும் இருநூறு ஆண்டு உழைக்க வேண்டும் என்று பொருள். டோக்கியோவில் 1950-களின் நடுவில் 20 விழுக்காடாக இருந்த கசிவு 3 விழுக்காட்டு அளவுக்கு வந்தது பல பத்தாண்டு இடைவிடாத மாற்றத்தால். வீட்டு இணைப்புகளில் ஈயக் குழாய்களை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களைப் போட்டதும் அதில் அடங்கும். எந்த ஓராண்டின் செலவுக் கணக்கிலும் அது சிக்கனமாகத் தெரிந்திருக்காது.


இளவேனில் எழுதியது:

என் திட்டத்தை மாற்றிக்கொள்கிறேன். ஒரே தரவரிசைக்குப் பதில் விநியோக நேரப்படி ஊர்களைப் பிரித்து, அந்தந்தப் பிரிவுக்குள் மட்டும் ஒப்பிடுவேன். எண்களின் நம்பகத்தன்மையையும் அருகிலேயே குறிப்பேன். ஒரு சந்தேகம் மீதமிருக்கிறது. மூன்று மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் ஊரில் இரவு நீரோட்டத்தை எப்படி அளப்பது? அங்கே இரவில் குழாயே காலியாக இருக்குமே.


கடைமடை எழுதியது:

பிரிவுக்குள் மட்டும் ஒப்பிட்டால் மூன்று மணி நேரப் பிரிவில் முதலிடம் வாங்கிய நகராட்சி அதை விளம்பரப் பலகையில் எழுதி வைக்கும். அந்தப் பிரிவில் இருப்பதே குறைபாடு என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். முடிந்தால் ஒவ்வோர் ஊரிலும் கடைசி முனைகளில் உள்ள சில வீடுகளில் அழுத்தத்தையும் வந்த நேரத்தையும் தனியே அளந்து, ஊரின் சராசரிக்குப் பக்கத்தில் போடுங்கள்.


பகிர்மானப் பொறியாளர் எழுதியது:

இளவேனிலின் சந்தேகத்திற்கு: வழக்கமான முறையில் அளக்க முடியாது. தண்ணீர் விட்டவுடன் எல்லா வீட்டுத் தொட்டிகளும் ஒரே நேரத்தில் நிரம்பத் தொடங்குவதால், நுழையும் நீரில் கசிவு எது, நிரப்பு எது என்று பிரித்தறிய இயலாது. சோதனைக்காக ஒரு சிறு மண்டலத்தைத் தனிமைப்படுத்தி, எல்லை வால்வுகள் உண்மையில் மூடுகின்றனவா என்று முதலில் உறுதி செய்துகொண்டு, தொட்டிகள் அனைத்தும் நிரம்பி மிதவை வால்வுகள் மூடும் வரை தொடர்ந்து தண்ணீர் விட வேண்டும். இதற்கு ஒன்றிரண்டு நாள்கூட ஆகலாம். நிரப்புக் குறைந்து, நுழைவாயில் மீட்டர் ஒரே அளவில் நிலைத்த பிறகு, நள்ளிரவில் வீட்டு இணைப்பு வால்வுகளையும் மூடிப் பாருங்கள். அப்போதும் ஓடுவது பகிர்மானக் குழாயிலும் வால்வுக்கு முந்தைய இணைப்புக் குழாயிலும் உள்ள கசிவு.

தொட்டி நிரம்பும் கடைசிக் கட்டத்தில் மிதவை வால்வு மெல்லச் சொட்டும். அந்த மெல்லிய ஓட்டத்தைப் பல வீட்டு மீட்டர்கள் குறைத்தே காட்டும். மணிக்கு 2.5 கன மீட்டருக்கான மீட்டர் ஒன்றின் அளவீட்டு வீச்சு (அந்த ஓட்டத்துக்கும் அது நம்பகமாக அளக்கும் மிகச் சிறிய ஓட்டத்துக்கும் உள்ள விகிதம்) 80 என்றால், மணிக்கு 31 லிட்டருக்குக் கீழே அதன் துல்லியத்திற்கு உறுதி கிடையாது. ஆகவே, நுழைவாயில் மீட்டரிலிருந்து வீட்டு மீட்டர்களின் கூட்டுத்தொகையைக் கழித்து அதைக் கசிவு என்று எழுதிவிடாதீர்கள். தொட்டிகளை நிரப்பும் அளவுக்கு நீர் இல்லாத ஊராக இருந்தால் இந்தச் சோதனையும் நடக்காது. அத்தகைய ஊரின் கசிவுக் கட்டத்தில் 'அளக்கப்படவில்லை' என்று எழுதி, விநியோக நேரத்தையும் கடைமுனை அழுத்தத்தையும் மட்டும் நிரப்புங்கள்.